தெற்கு பார்த்த தட்டு

அவர்கள் வந்தபோது நான் இத்தாவில் இருந்தேன். கணவரை இழந்த பெண் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் முன்னால் வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கணவரின் தம்பியும் அதில் அந்நியர்தான். அதனால் கொழுந்தனார் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் படியில் நின்று என் அம்மாவிடம் சொல்வார். அம்மா எனக்குத் துணையாக விருதுநகரிலிருந்து வந்திருந்தார்.

சிவகாசியில் எங்கள் வீடு கடைத்தெருவை ஒட்டியது. கீழே இரும்புக் கடை, அதைக் கொழுந்தனார் பார்க்கிறார். மேலே நாங்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மொட்டை மாடியில் என் கணவர் நிறுத்திய கோபுரம். கடையில் இருந்த குழாய்களையே வெல்ட் வைத்து உயர்த்தியிருந்தார். அதில் சில ஆன்டெனாத் தட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு.

அவர் நெட் கொடுத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே நெட்டு பாய். லைசென்ஸ் பெரிய கம்பெனி ஒன்றுடையது. அவர்களிடம் மொத்தமாக வாங்கி டவுனுக்குள் கேபிளில் கொடுப்பார். கேபிள் போகாத ஊர்களுக்குத் தட்டு வழியாகக் காற்றில் அனுப்புவார். சிவகாசியைத் தாண்டினால் பட்டாசுக் கம்பெனிகளின் வேலிதான். அதற்குள் கம்பம் நடவும் கம்பி இழுக்கவும் யாரும் விடமாட்டார்கள். வெம்பக்கோட்டை போகிற வழியில் ஒரு கரிசல்காட்டு ஊர், மொபைல் சிக்னல்கூட ஒழுங்காக எட்டாத இடம். அந்த ஊருக்காகத் தெற்கே ஒரு தட்டைத் திருப்பி வைத்திருந்தார். அந்த ஊரில் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டு மாடியில் இன்னொரு தட்டு. அங்கிருந்து சுற்றியுள்ள வீடுகளுக்குப் போகும்.

ஜும்மாத் தொழுகைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது விழுந்தார். ஒரு கை சட்டைக்குள் போயிருந்தது, இன்னொரு கை போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்போதே முடிந்துவிட்டது. நான் அழவில்லை. மய்யித்தைத் தூக்கிக்கொண்டு போனபோது பெண்கள் எல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். அழட்டும், அழுதால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்தச் சட்டையின் இன்னொரு கையை மாட்டிவிட்டிருக்கலாம் என்று தோன்றிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் தோன்றியது.

பிறகு நாட்கள் போயின. சாப்பிட்டேன், தொழுதேன், தூங்கினேன். அவருடைய போன் என்னிடம் இருந்தது. அதில் கூப்பிடுகிறவர்கள் நிற்கவில்லை. பாய், லைன் போச்சு. பாய், பணம் கட்டியும் ஓட மாட்டேங்குது. ரூட்டரை அமர்த்திவிட்டு மறுபடி போடச் சொல்வேன். கல்யாணம் ஆனதிலிருந்து கம்ப்ளைண்ட் கேட்பதும் லேப்டாப்பில் பணம் கட்டியவர்களைத் திறந்துவிடுவதும் என் வேலைதான். அதனால் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்நியர்களிடம் பேசுகிறாயே என்று அம்மா முதலில் கடிந்தார். இரண்டு நாள் போனை எடுத்து அவரே பேசிப் பார்த்தார். மூன்றாவது நாள் போனை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு முற்பகலில் தெருவில் வேன் வந்து நின்றது. ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வேனின் தலையில் வட்டமாக ஏதோ இருந்தது. அதிலிருந்து இறங்கியவர் மீன்முள் போன்ற ஒரு கருவியைக் கையில் ஏந்தி மெல்லச் சுற்றினார். எதிர்க்கடை, பள்ளிவாசல், லாட்ஜ் எல்லாவற்றையும் கடந்து எங்கள் மாடிக்கு நேரே வந்ததும் கை நின்றது. தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

கொழுந்தனார் படியேறி வந்து பாதியில் நின்றார்.

"மாமி, அலைவரிசை ஆபீஸ்லருந்து வந்திருக்காக. மேல இருக்கிற தட்டப் பத்தி மதினிட்ட கேக்கணுமாம்."

"இத்தால இருக்கிற பிள்ளைட்ட என்னத்தக் கேக்கப் போறாக? பெறகு வரச் சொல்லுங்க."

"சொல்லிப் பாத்துட்டேன் மாமி. கவர்மெண்ட்டு ஆளுக. நாம போங்கன்னா போயிருவாகளா?"

கூடத்துக்கும் என் கணவருடைய ஆபீஸ் அறைக்கும் நடுவில் ஒரு திரை உண்டு. நான் அறைக்குள் லேப்டாப் முன் உட்கார்ந்தேன். அம்மா திரையை இழுத்துவிட்டு வாசலை அடைத்தாற்போல் நாற்காலி போட்டுக்கொண்டார். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர்தான் பேசினார். வயது ஐம்பது இருக்கும் என்று குரலில் தெரிந்தது. படியிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார் என்று பிறகு அம்மா சொன்னார்.

"அம்மா, உங்க நிலைமை கீழே சொன்னாங்க. இந்த நேரத்துல வர்றதுக்கு எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இது தள்ளிப்போடற விஷயம் இல்லை. மழை வர்றதைப் பார்க்கிற ரேடார் ஒண்ணு தெக்கே இருக்கு. அதோட படத்துல கொஞ்ச மாசமாவே ஒரு கோடு விழுது. தேடிக்கிட்டே வந்தோம். இங்கே வந்து நிக்குது."

ஒரு காகிதத்தை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா திரைக்குள் கை நீட்டி என்னிடம் தந்தார். ரேடாரின் படம். கறுப்பு வட்டத்துக்குள் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய் மேகங்கள். அவற்றோடு சேராமல், ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு. மழையே இல்லாத இடத்தில் மழை பெய்கிறது என்று அது காட்டுகிறதாம்.

காற்றில் போகிற அலைகளுக்கெல்லாம் வரிசை உண்டு, எதில் யார் போகலாம், எவ்வளவு பலத்தோடு போகலாம் என்று அரசு வகுத்து வைத்திருக்கிறது என்றார் அவர். எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருக்கும் வரிசைகளுக்குத் தனி அனுமதி வேண்டாம். ஆனால் பலம் அளவுக்குள் இருக்க வேண்டும். ரேடார் அந்த வரிசையில் வந்தால் நம் கருவி தானாக விலகிப்போகவும் வேண்டும். பாடம் நடத்துகிறவர்போல் சொல்லவில்லை. பல வீடுகளில் சொன்னதை இங்கேயும் சொன்னார்.

"லேப்டாப்புல தெக்கே பார்க்கிற தட்டோட பக்கத்தைத் திறங்கம்மா. பாஸ்வேர்டு உங்ககிட்ட இருக்கில்ல?"

"இருக்கு."

"சேனல்னு ஒரு இடத்துல நம்பர் இருக்கும். படிங்க."

படித்தேன். திரைக்கு வெளியே பேனா எழுதும் சத்தம்.

"அதுக்கு மேல நாடுன்னு ஒண்ணு இருக்கும். அதுல என்ன போட்டிருக்கு?"

அதில் இந்தியா என்று இல்லை. கடல் தாண்டிய ஏதோ ஒரு நாட்டின் பெயர் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ முறை திறந்திருக்கிறேன், அந்த வரியை ஒருமுறையும் கவனித்ததில்லை. வாய்விட்டுப் படித்தேன். படியில் கொழுந்தனார் தொண்டையைச் செருமினார்.

"இந்தியான்னு போட்டா கருவி தானாவே சில வரிசைகளை மூடிக்கும், பலத்தையும் குறைச்சுக்கும்" என்றார் அதிகாரி. "வேற நாடுன்னு சொல்லிட்டா அதுக்குத் தெரியாது. தெரிஞ்சுதான் மாத்தியிருக்காரு."

தெரிந்துதான் மாற்றியிருப்பார். அந்த ஊரில் வீடுகள் கூடக்கூட வேகம் போதவில்லை என்று பேச்சு வந்தது எனக்கு நினைவு இருக்கிறது. ஒரு மாலை மாடியிலிருந்து இறங்கி வந்து, இனிமேல் பிரச்சினை இருக்காது என்றார். கையெல்லாம் துரு. நான் தேங்காயெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன். என்ன செய்தார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

"இதுக்குக் கேஸ் உண்டு. கருவியைப் பறிமுதல் பண்ணலாம். ஆனா செஞ்சவர் இல்லை. அதையே எழுதிட்டுப் போறோம். நீங்க இப்போ சரியா மாத்திடுங்க. மறுபடி பழையபடி ஆச்சுன்னா உங்க பேர்லதான் வரும்."

நாட்டின் பெயர் இருந்த இடத்தில் இந்தியா என்று வைத்தேன். அனுமதித்த வரிசையைத் தேர்ந்தேன். சேமிக்கட்டுமா என்று கேட்டது. சேமி என்றேன். பச்சையாக இருந்த சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, சிவப்பில் ஒன்று மட்டும் மினுங்கி, அதுவும் அணைந்தது. குறைந்த பலத்துக்கு அந்த ஊர் எட்டவில்லை. வெளியே அதிகாரியின் துணைக்கு வந்தவர் தன் கருவியைப் பார்த்து, "போயிடுச்சு சார்" என்றார்.

உடனே போன் அடித்தது. அந்த ஊரின் பெயரில் என்னவர் சேமித்து வைத்திருந்த எண். எடுத்தேன்.

"அங்கிள், லைன் கட்டாயிருச்சு. மீட்டிங்ல இருக்கேன். கொஞ்சம் சீக்கிரம் பாருங்க அங்கிள்."

இளம்பெண்ணின் குரல், வார்த்தைகள் விட்டுவிட்டு வந்தன. அது சம்சாரி வீட்டு மருமகள், மாடியில் தட்டு இருக்கிற வீடு.

"பாய் மௌத்தாயிட்டாக" என்றேன். "நான் அவுக வீட்டம்மா பேசுறேன். கவர்மெண்ட்டுல நிறுத்தச் சொல்லிட்டாக."

இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன். அந்தப் பக்கம் அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"எப்பக்கா?" என்று கேட்டாள்.

எதைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை. "இப்பதான்" என்றேன்.

அதிகாரிகள் போன பிறகு கொழுந்தனார் படியிலிருந்தே பேசினார். குரலில் கோபமில்லை, பயம் இருந்தது.

"மதினிட்ட சொல்லுங்க மாமி. நமக்கெதுக்கு இந்த வம்பு? தெரு பூராம் வேடிக்கை பாத்துருச்சு. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுருவோம். டவுன் லைனக் கம்பெனிக்காரனே எடுத்துக்கிருவான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம். கொழுந்தனார் இறங்கிப் போனார்.

ஊர்க்காரர்கள் ஒரு வாரம் விடாமல் கூப்பிட்டார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர், மழை பாக்குற மிசினுக்கு எங்க ஊர் மேல என்ன கோபம், மூணு வருசமா ஒழுங்கா மழையே காணோமே என்றார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அந்த அதிகாரியும் ஒருமுறை போன் செய்து, படம் சுத்தமாகிவிட்டது, நன்றி என்றார். நான் சரிங்க என்றேன். நடுவில் ஒரு கோபுரம் போட்டு இரண்டு தாவலாக அனுப்பினால் அனுமதித்த பலமே போதும் என்று அவராகவே சொன்னார். பிறகு ஊர்ப் போன்கள் குறைந்தன. சம்சாரி வீட்டுப் பெண் மட்டும் அதற்குப் பின் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

இத்தா முடிந்ததும் முதலில் அவரை அடக்கிய கபர் இருக்கும் பக்கம் கூட்டிப்போய், பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் வெளியே ஆட்டோவில் உட்காரவைத்தார்கள். சுவரும் ஒரு வேப்பமரமும் தெரிந்தன. அடுத்த வாரம், அந்த ஊர்த் தட்டைக் கழற்றக் கொழுந்தனார் ஆளோடு கிளம்பினார். நானும் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றேன்.

அந்த வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மெலிந்த, உயரமான பெண்மணி. முற்றத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது.

"வாங்க தாயி, வாங்க. பாய் போயிட்டாகன்னு மருமக சொன்னதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வருவாக, ஏணிய எடுத்து மாடிக்குப் போவாக, இறங்கி வந்து ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடிச்சுட்டு, வாரேன் ஆத்தான்னு போயிருவாக. உக்காந்து ஒரு வா சாப்பிட்டதில்ல. எம்புட்டு நல்ல மனுசரு." சொல்லிவிட்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். யாருக்கோ ஆறுதல் சொல்லப் போனவள்போல் இருந்தேன்.

மாடியில் ஸ்பேனர் சத்தம் கேட்டது. மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். சென்னைக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமாகி இங்கே வந்தும் வேலையை விடாமல் இருந்ததே அந்தத் தட்டால்தான் என்றாள். புருஷன் பட்டாசுக் கம்பெனியில் சூப்பர்வைசர். போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம், பகலில் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது.

"இப்ப எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்றேன்.

"டேம் கரைக்குப் போயிருவேங்க்கா. அங்கன மேல ஏறுனா சிக்னல் கிடைக்கும். கொடைய விரிச்சுட்டு லேப்டாப்ப மடியில வச்சுக்கிருவேன். காத்து அடிச்சா எங்க மேனேஜருக்கு நான் பேசுறது ஒண்ணுமே கேக்காது. எங்கம்மா உக்காந்திருக்கன்னு கேட்டாரு. பீச்சான்னு கேக்குறாரு." சிரித்தாள். உடனே முகம் மாறியது. "இந்த மாசத்தோட பாத்துட்டு முடிவு சொல்லுன்னு கம்பெனில சொல்லிட்டாக."

"பாதுகாப்பா இருக்கா அந்தக் கரை?" என்று கேட்டேன்.

மாமியார் முந்திக்கொண்டார். "எங்க தாயி? ஆடு மேய்க்கிறவுகளும் சீட்டாடுறவனுகளும் வந்து சுத்தி நின்னு பாக்கானுக. பொம்பளப்பிள்ள குத்தவச்சு இங்கிலீஸ்ல பேசுனா கூட்டம் கூடாதா? வேலைய விட்டுருன்னா கேக்க மாட்டேங்கா. நான் பிள்ளையப் பாத்துக்கிருதேன், போன்னா போறதுக்கும் எடமில்ல."

அப்போது தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. மூவரும் பேச்சை நிறுத்தினோம். மாமியார் முற்றத்துக்குப் போய் வானத்தைப் பார்த்தார். மருமகளின் கை குழந்தையின் முதுகில் அழுந்தியது. புகை எதுவும் எழவில்லை. "கல்லு குவாரி" என்று சொல்லிக்கொண்டே மாமியார் திரும்பி வந்தார். மருமகள் விட்ட இடத்திலிருந்து பேசினாள்.

"எங்க வீட்டுக்கு வாங்க" என்றேன். "டவுன்ல லைன் இருக்கு. அவுக ஆபீஸ் ரூம் சும்மாதான கெடக்கு. காலைல பஸ்ஸுல வந்துட்டுச் சாயங்காலம் போங்க."

யோசித்துச் சொன்னதில்லை. இரக்கப்பட்டும் சொல்லவில்லை. அறை காலியாக இருந்தது, இவளுக்கு அறை வேண்டியிருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிய கொழுந்தனார் அதைக் கேட்டுவிட்டுப் படியிலேயே நின்றார். வண்டியில் வரும்போது, "அண்ணன் ரூமு மதினி" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை வந்தாள். தோளில் ஒரு பை, கையில் தூக்குவாளி, அதில் மாமியார் கொடுத்தனுப்பிய மோர். அறைக்குள் நுழையும் முன் செருப்பில்லாத காலோடே வாசலில் கொஞ்சம் தயங்கினாள். மேசையில் அவருடைய கண்ணாடி இருந்தது. எடுத்து அலமாரியில் வைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் எட்டவில்லை. அவர் உயரமானவர். நாற்காலிக்கு அடியிலிருந்த கம்பியை இழுத்தாள். இருக்கை பெருமூச்சு விடுவதுபோல் சத்தத்தோடு கீழே இறங்கியது. இனி அதை அவர் உயரத்துக்கு ஏற்ற யாரும் இல்லை என்று நினைத்தேன். அப்புறம் உலை கொதிக்கும் சத்தம் கேட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு வீட்டில் ஒரு சத்தம் இருந்தது. அவள் மீட்டிங்கில் பேசுவது, விசைகளைத் தட்டுவது, சில நேரம் தனக்குத்தானே முணுமுணுப்பது. மதியம் சேர்ந்து சாப்பிடுவோம். அவளிடம் நான் அதிகம் பேசவில்லை. அவளும் என்னைப் பேசவைக்க முயலவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் என்னிடமிருந்து ஏதோ ஒன்று வெளியே வரும் என்று காத்திருந்தார்கள். இவள் குழம்புக்குக் கொஞ்சம் உப்புக் கேட்பாள், அவ்வளவுதான்.

அதிகாரி சொன்ன நடுக் கோபுரத்தைப் பற்றி ஒருநாள் அவளிடம் சொன்னேன். அவள் வரைபடத்தைத் திறந்து எங்கள் வீட்டுக்கும் அவள் ஊருக்கும் இடையில் விரலை ஓட்டி, "விஸ்வநத்தத்துல ஒரு எடம் கெடைச்சா போதும்க்கா" என்றாள். கொழுந்தனாருக்கு அங்கே பழக்கமான அச்சக முதலாளி ஒருவர் இருந்தார். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிப்பவர். நான் கேட்டதும் மறுக்கவில்லை கொழுந்தனார். கழற்றிப் போடுவோம் என்று சொன்னவர்தான். ஆனாலும் வண்டியை எடுத்தார்.

அச்சக முதலாளி தன் குடோன் மாடியைக் காட்டினார். தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம், எனக்கு நெட் கொடுத்தால் போதும் என்றார். மாடியில் நின்று தெற்கே பார்த்தேன். வெட்டவெளி, கருவேலம், நடுவில் தனித்தனியாக விலகி நிற்கும் பட்டாசுக் கம்பெனி ஷெட்டுகள். அவற்றைத் தாண்டிப் பார்வை தடையில்லாமல் போனது. இது நடக்கும் என்று நினைத்தேன்.

குழாய் இறங்கிய அன்றே பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்கிராதீக. அம்புட்டு ஒசரத்துக்கு இரும்பக் கொண்டுபோய் நிறுத்துனீகன்னா மின்னலு அங்கனதான் வரும். எங்க செட்டு எத்தன அடில இருக்குன்னு பாருங்க. எங்க லைசென்ஸுல இத்தன தூரத்துக்குள்ள புதுசா எதுவும் வரக்கூடாதுன்னு இருக்கு. ஆபீசர் வந்தா ஒங்களக் கேக்க மாட்டாரு, எங்களத்தான் பூட்டச் சொல்லுவாரு. செட்டுக்குள்ள அம்பது பேரு வேல பாக்காக."

"இடிதாங்கி வச்சுத்தான் நிறுத்துவோம்" என்றார் கொழுந்தனார்.

"நாங்களும் வச்சிருக்கோம். வச்சும் போன வருசம் என்ன ஆச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். மின்னல் விழுந்து ஒரு ஷெட்டு வெடித்தது அந்தப் பக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அச்சக முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்களை மறுபடியும் வண்டியில் ஏற்றினோம். வானத்துக்கு ஒரு சட்டம், தரைக்கு ஒரு சட்டம். இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் பட்டது. சரியான இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண் பஸ்ஸில் வந்துபோய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். "அவுக சொல்றதும் நெசந்தானேக்கா" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் ஒரு செட்டுலதான் நிக்கிறாரு." சொல்லிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குக் காதில் மாட்டிக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. அவள் நனைந்துகொண்டு வருவாள், என் பழைய சுடிதார் ஒன்றைக் கொடுப்பேன். அந்தச் சமயத்தில் டவுன் லைன்களை நெட் கம்பெனியிடம் ஒப்படைத்தேன். அவர்கள் ஊரெல்லாம் புதுக் கேபிள் இழுத்துவிட்டார்கள், எதிர்த்து நிற்க எனக்குத் தெம்பும் இல்லை, ஆசையும் இல்லை. கம்ப்ளைண்ட் கேட்க ஆள் வேண்டும், நீங்களே இருந்துவிடுங்கள் என்றார்கள். மாதச் சம்பளம். சரி என்றேன். அதே போன், அதே கேள்விகள். கோபுரத்தைக் கொழுந்தனார் இறக்கிக் குழாய்களைக் கடைக்கே கொண்டுபோனார். அவை விற்றுப்போயினவா இல்லையா என்று கேட்கவில்லை.

ஒரு கோடைக்கு அப்புறம் அவளுடைய ஊருக்கு மொபைல் டவர் வந்தது. சிக்னல் இல்லாத ஊர்களுக்கு அரசே வைத்துக் கொடுக்கிற திட்டமாம். ஊருக்கு வெளியே தரிசு நிலத்தில், ஷெட்டுகளிலிருந்து தள்ளி, எல்லாத் துறைகளிடமும் கையெழுத்து வாங்கி நிறுத்தியிருந்தார்கள். டெஸ்ட் நடக்கிறது என்று முதலில் சொன்னாள். பிறகு வீட்டிலேயே மீட்டிங் பேச முடிகிறது என்றாள். அவள் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நல்லதுதான" என்றேன்.

"நீங்க தனியா இருப்பீகளேக்கா."

"அம்மா இருக்காகல்ல."

கடைசி நாள் அறையைப் பெருக்கித் துடைத்து, மேசையில் ஒட்டியிருந்த சின்னச் சின்னச் சீட்டுகளை எல்லாம் உரித்து எடுத்தாள். அழுவாள்போல் இருந்தது. நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நினைவுபடுத்தினேன். அவள் போன பிறகு அறைக் கதவைச் சாத்தினேன். உள்ளுக்குள் ஏதாவது செய்யும் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் நின்றேன். ஒன்றும் செய்யவில்லை. கீழே கடையில் தராசில் கம்பி எடை போடும் சத்தம் கேட்டது.

போன ஆவணியில் அவள் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமியாரே நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார். "வரலைன்னா நான் இங்கனயே உக்காந்துருவேன் தாயி" என்றார். போனேன். அவர்களுடைய குலசாமி கோயில் கண்மாய்க் கரையில் இருந்தது. கிடா வெட்டியிருந்தார்கள். சாமிக்கு வெட்டியது என்பதால் நான் அதைச் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்து எனக்காகத் தனியாகச் சாம்பாரும் கத்தரிக்காயும் வைத்து, அதை யாரும் தொடாமல் மாமியார் ஒரு ஓரத்தில் மூடிவைத்திருந்தார். இளவட்டங்கள் எல்லாம் மர நிழலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துபாயில் இருக்கும் இளைய தாய்மாமனுக்கு ஒருவன் எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிக்கொண்டே சுற்றினான். படம் நிற்காமல் ஓடியது.

காது குத்தும்போது பிள்ளை வீறிட்டு அழுதான். சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள், அதைப் பார்த்து அவன் இன்னும் அழுதான். யார் தூக்கினாலும் அடங்கவில்லை. மருமகளுக்கு உறவுக்காரர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது. "அக்கா, ஒரு நிமிசம்" என்று என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் விம்மினான். பிறகு என் தோளில் வாய் திறந்தபடி தூங்கிவிட்டான். காதில் மஞ்சள் தடவியிருந்தது, ஒரு பொட்டு ரத்தம். அவன் தலையின் கனத்தில் என் இடது கை மரத்துப்போனது. அசைத்தால் விழித்துவிடுவான் என்று அப்படியே வைத்திருந்தேன். பந்தி முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அவள் வந்து தூக்கிக்கொண்டாள்.

"கை வலிக்குதாக்கா?"

"இல்ல."

பஸ் வந்தபோது பட்டாசுக் கம்பெனிகள் விடுகிற நேரம். கையெல்லாம் வெள்ளி மருந்து ஒட்டிய பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கி நின்றார்கள். ஒருத்தி எனக்காக நகர்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள இடம் கொடுத்தாள். வலது கையால் பிடித்துக்கொண்டு சிவகாசிவரை நின்றுகொண்டே வந்தேன்.